எவ்வளவு ஆகும், டாக்டர்?

இரண்டு மாதக் குட்டி. காலையில் சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்துகொள்கிறது. மதியம் மஞ்சள் நுரையாக வாந்தி. ராத்திரி பதினோரு மணிக்கு ரத்தமும் சளியும் கலந்த பேதி. அந்த வாடையை ஒருமுறை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். விடிந்ததும் பக்கத்துத் தெரு கிளினிக். சின்னப் பட்டையில் ஒரு சோதனை, பத்து நிமிடத்தில் இரண்டு கோடு. "பார்வோதாங்க. அட்மிட் பண்ணி டிரிப் போடணும். அஞ்சு நாள் ஆகும், ஏழு நாள்கூட ஆகலாம்."

பிறகு வரவேற்பு மேஜையிலிருந்து ஒரு தாள் வருகிறது. ரத்தப் பரிசோதனை, சலைன், வாந்தி நிற்க ஊசி, ஆன்டிபயாட்டிக், வார்டு வாடகை, ராத்திரி பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு ஒரு தொகை. அடியில் கூட்டுத்தொகை. பல வீடுகளுக்கு அது ஒரு மாத வாடகை. அப்பா தாளைப் பார்க்கிறார். அம்மா குட்டியைப் பார்க்கிறார். பள்ளிச் சீருடையில் வந்திருக்கும் பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறது.

'எவ்வளவு ஆகும்?' என்ற கேள்வியை இந்த இடத்தில் எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள். தயங்கித் தயங்கியாவது கேட்டுவிடுகிறார்கள். அதற்கு அடுத்த கேள்விதான் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது: 'என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் என்ன செய்யலாம்?' கேட்டால் மருத்துவர் நம்மைக் கஞ்சன் என்று நினைப்பாரோ, பாசம் இல்லாதவன் என்று நினைப்பாரோ என்ற வெட்கம். அந்த வெட்கத்தில் சிலர் நகையை அடகு வைக்கிறார்கள். சிலர் 'யோசிச்சுச் சொல்றோம்' என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் சிகிச்சைக்கு வழிகள் இருக்கின்றன. நாய், பூனை வளர்க்கும் குடும்பங்களில் பெரும்பாலோர் அந்த வழிகளின் பக்கமே போவதில்லை.

வாடகை ஏறுகிறது, பள்ளிக் கட்டணம் ஏறுகிறது, பால், எண்ணெய், காஸ் எல்லாம் ஏறுகின்றன. வீட்டு பட்ஜெட்டில் நாயின் வரி எப்போதும் கடைசி வரி. வெட்டும்போது மட்டும் அது முதல் வரியாகிவிடும். வருஷத் தடுப்பூசி 'அடுத்த மாசம்' ஆகும். உண்ணி மாத்திரை 'இந்த ஒரு தடவை வேண்டாம்' ஆகும். கருத்தடை ஆபரேஷன் 'பார்த்துக்கலாம்' ஆகும். ஆறு மாதம் கழித்து அந்த மூன்றும் வட்டியோடு ஒரே பில்லாக வரும்.

பில் ஏன் இவ்வளவு?

மருத்துவர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. சிலர் அடிக்கவும் செய்கிறார்கள். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் கோபம் திசை மாறும்.

நமக்குக் காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனை ஒரு கடையில், ஸ்கேன் இன்னொரு கடையில், மருந்து வேறொரு கடையில். பத்து ஆஸ்பத்திரிகள் அந்த இயந்திரங்களின் விலையைப் பகிர்ந்துகொள்கின்றன. கால்நடை மருத்துவருக்கு அந்த வசதி இல்லை. எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், ரத்தம் எண்ணும் கருவி, மயக்க மருந்து இயந்திரம், ஆபரேஷன் மேஜை எல்லாம் அவருடைய மூன்று அறைக்குள் இருந்தாக வேண்டும். தினமும் முப்பது நாய் வந்தாலும் அதில் ஸ்கேன் தேவைப்படுவது இரண்டோ மூன்றோதான். நாய், பூனைத் தடுப்பூசிகளிலும் சோதனைப் பட்டைகளிலும் பல இறக்குமதி. டாலர் ஏறினால் அவையும் ஏறும். ஐந்தரை ஆண்டு படித்து வரும் இளம் மருத்துவருக்கு அண்ணா நகரிலோ வேளச்சேரியிலோ கடை வாடகையும் கட்ட வேண்டும்.

மனிதர்களுக்கு அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறது, அலுவலக மெடிக்ளெய்ம் இருக்கிறது. அதனால் நம்மில் பலர் ஒரு குடல்வால் ஆபரேஷனின் முழு விலையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. நாயின் பில்லில்தான் மருத்துவத்தின் உண்மை விலை எந்தத் திரையும் இல்லாமல் தெரிகிறது. அதிர்ச்சிக்குப் பாதிக் காரணம் அதுதான்.

அரசு இதை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு வரி அட்டவணை நல்ல சாட்சி. கால்நடை மருத்துவமனையின் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது. மருந்துகளின் வரியும் 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது. நல்ல விஷயம். ஆனால் மாட்டுத் தீவனத்துக்கு வரியே இல்லாதபோது, கடையில் விற்கும் நாய், பூனை உணவுப் பொட்டலத்துக்கு 18 சதவீதம். பசு பிழைப்பு, நாய் ஆடம்பரம் என்ற பழைய கணக்கு. வாட்ச்மேன் வேலை பார்க்கும் ஒருவர் கூட இருக்கும் நாய்க்கு வாங்கும் பத்து ரூபாய் பாக்கெட்டுக்கும் அதே வரிதான்.

வேப்பேரி வரிசை

சென்னையில் இந்தக் கதையைப் பேசினால் வேப்பேரியைத் தொடாமல் போக முடியாது. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, இரண்டே ஆண்டில் வேப்பேரிக்கு வந்தது. 1935இல் மதராஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, கால்நடை மருத்துவத்தில் பட்டம் வழங்கிய முதல் இந்தியக் கல்லூரியானது. 1989இல் அதை மையமாக வைத்துத்தான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. ஊர்க்காரர்களுக்கு இந்த வரலாறெல்லாம் தேவையில்லை. 'வேப்பேரி ஆஸ்பத்திரி' என்றால் ஆட்டோக்காரருக்குப் புரியும். நாய் ஏற அவர் சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம்.

காலையில் புறநோயாளிப் பிரிவுக்குப் போனால் நகரத்தின் எல்லா அடுக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். காரில் வந்த லாப்ரடார், துண்டில் சுற்றிய நாட்டுக்குட்டி, காய்கறிக் கூடையில் வலை போட்டு மூடிய பூனை, ஒரு கிளி, சில நாள் ஒரு ஆடு. கட்டணம் தனியார் கிளினிக்கோடு ஒப்பிட்டால் பெயரளவுக்குத்தான். பேராசிரியர் பார்க்கிறார், சுற்றிலும் மாணவர்கள் நின்று குறிப்பெடுக்கிறார்கள். எலும்பு முறிவு, கண், தோல், இதயம் என்று தனித்தனிப் பிரிவுகள். அவசரச் சிகிச்சை இரவிலும் உண்டு. நாய்களுக்கான ரத்த வங்கியும் டயாலிசிஸும் இருக்கின்றன. இந்த இரண்டையும் பல பெரிய தனியார் கிளினிக்குகளில் தேடினாலும் கிடைக்காது.

விலை குறைவு என்றால் இலவசம் என்று அர்த்தமில்லை. இங்கே விலையை நேரமாகக் கட்ட வேண்டும். டோக்கன், முதல் பார்வை, ரத்தம் எடுக்க ஒரு வரிசை, ஸ்கேனுக்கு இன்னொன்று, முடிவோடு திரும்ப மருத்துவர். அரைநாள் போய்விடும். மறுநாளும் வரச் சொல்வார்கள். தினக்கூலிக்காரருக்கு அது இரண்டு நாள் சம்பளம், போக வர ஆட்டோ வேறு. திருவள்ளூரிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் விடியற்காலையில் கிளம்பி வருகிறவர்களைக் கேட்டால், வைத்தியத்தைவிட வந்துபோகிற செலவுதான் அதிகம் என்பார்கள். ஆனாலும் பெரிய ஆபரேஷன், சிக்கலான நோய் என்றால் நான் யாருக்கும் முதலில் சொல்வது வேப்பேரிதான். சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி வீரபாண்டி ஆகிய இடங்களின் அரசுக் கல்லூரிகளில் மருத்துவமனைகள் இருக்கின்றன. பக்கத்தில் இருந்தும் பலருக்கு இது தெரிவதில்லை.

ஊருக்கு ஊர் இருக்கும் கால்நடை மருந்தகங்களின் கதை வேறு. அவை பசுவுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் கட்டப்பட்டவை. சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, குடற்புழு நீக்கம்: அதுதான் அவற்றின் அன்றாடம். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் ஊர்தியும் முக்கியமாக விவசாயியின் தொழுவத்துக்குத்தான். நாயைக் கொண்டுபோனால் துரத்த மாட்டார்கள். வெறிநோய்த் தடுப்பூசி போடுவார்கள், காயத்துக்குக் கட்டுப்போடுவார்கள், சாதாரணக் காய்ச்சலுக்கு மருந்து தருவார்கள். பூனையின் சிறுநீர் அடைப்பை எடுக்க அங்கே கருவி இருக்காது. கிராமத்துச் செலவுக்கு அந்த மருந்தகம் போதும். நகரத்து நோய்க்குப் போதாது.

இரண்டுக்கும் நடுவே இப்போது மாநகராட்சி வந்திருக்கிறது. திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம் போன்ற இடங்களில் சென்னை மாநகராட்சியே செல்லப்பிராணி மருத்துவமனைகளை நடத்துகிறது. வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம் என்று 2025 கடைசியில் கெடுபிடி தொடங்கியதும் அங்கே கூட்டம் கூடியது. அப்போது உரிமக் கட்டணம் 50 ரூபாய். எடுக்காவிட்டால் அபராதம் 5,000. அபராதத்துக்குப் பயந்தாவது பல நாய்கள் வாழ்க்கையில் முதல் முறையாக வெறிநோய் ஊசி போட்டுக்கொண்டன.

எல்லாமும் இல்லை, ஒன்றுமில்லாமலும் இல்லை

பார்வோ குட்டிக்குத் திரும்புவோம்.

இந்த வைரஸுக்கு நேரடி மருந்து கிடையாது. அது குடலின் உள்தோலைச் சிதைக்கிறது, வெள்ளணுக்களைக் குறைக்கிறது. குட்டி சாவது பெரும்பாலும் நீர் வற்றியும், சிதைந்த குடல் வழியாகப் பாக்டீரியா ரத்தத்தில் கலந்தும். எனவே நீரைத் திருப்பிக் கொடுத்து, வாந்தியை நிறுத்தி, கிருமித் தொற்றைத் தடுத்து, உடம்பு தானே எதிர்த்து நிற்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். எதுவும் செய்யாமல் விட்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதில்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதே பணக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். 40 பார்வோ நாய்கள். எல்லாவற்றுக்கும் முதலில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி உடம்பை நிலைப்படுத்தினார்கள். பிறகு பாதி நாய்களுக்கு முழு ஆஸ்பத்திரி வைத்தியம். மற்ற பாதிக்குச் செலவு குறைந்த வழி: நீண்ட நாள் வேலைசெய்யும் ஆன்டிபயாட்டிக் ஒரே ஊசி, வாந்திக்குத் தினம் ஒரு ஊசி, தோலுக்கடியில் திரவம் நாளுக்குச் சில தடவை, ஊட்டம், கதகதப்பு. 2017இல் வெளியான முடிவு: முழு வைத்தியத்தில் 90 சதவீதம் பிழைத்தன, சிக்கன வழியில் 80 சதவீதம்.

அந்தப் பத்து சதவீத வித்தியாசம் சின்னதில்லை. கையில் பணம் இருந்தால் அட்மிட் செய்யுங்கள். இல்லாதவர் முன் இருக்கும் தேர்வு 90க்கும் 80க்கும் நடுவிலானது. 90க்கும் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கும் நடுவில் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். யாராவது அவரிடம் இதைச் சொல்ல வேண்டும், அல்லது அவரே கேட்க வேண்டும். "டாக்டர், அட்மிட் பண்ண வசதியில்லை. தினம் காலையும் சாயங்காலமும் கூட்டிட்டு வந்து டிரிப் போட்டுட்டுப் போனா பிழைக்குமா?" சென்னையில் பல மருத்துவர்கள் ஏற்கெனவே இப்படித்தான் பார்க்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்காதவரிடம், எந்த வைத்தியம் மிகச் சிறந்ததோ அதைத்தான் முதலில் சொல்வார்கள். அப்படித்தான் அவர்களுக்குப் பாடம்.

ஒரு எச்சரிக்கை. இது யூட்யூப் பார்த்து வீட்டில் செய்துகொள்ளும் காரியமில்லை. எந்தக் குட்டிக்கு வீட்டு வழி சரிப்படும், எதற்குச் சரிப்படாது என்று கையால் தொட்டுப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பரிசோதனைகளிலும் இதே பேச்சு உதவும். வயதான நாய் சோர்ந்து படுத்திருக்கிறது. ரத்த எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, உண்ணிக் காய்ச்சல் பேனல், ஸ்கேன், எக்ஸ்ரே என்று பட்டியல் வந்தால், "இதில் எந்தச் சோதனை முடிவால் நீங்கள் தரப்போகும் மருந்து மாறும்? அதை முதலில் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். உண்ணி கடித்த நாய், காய்ச்சல், வெளிறிய ஈறு, தட்டணு இறங்கிய ரிப்போர்ட் என்றால், அனுபவமுள்ள மருத்துவர் எர்லிக்கியா என்று ஊகித்து நான்கு வாரம் டாக்சிசைக்ளின் தொடங்கிவிட்டு, தேறுகிறதா என்று பார்ப்பார். தேறாவிட்டால் அடுத்த சோதனை. பேபீசியா கிப்சோனி என்ற இன்னொரு உண்ணி நோய் என்றால் வைத்தியம் விலை ஏறும், அங்கே சோதனைக்குக் காசு கொடுப்பது நியாயம். படிப்படியாகப் போவதில் ஒரு அபாயம் உண்டு, சில நோய்கள் அந்த அவகாசம் தராது. அதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மருந்துச் சீட்டை எழுதி வாங்குங்கள். நாய், பூனைக்கு எழுதப்படும் மருந்துகளில் பல மனித மருந்துகளே: டாக்சிசைக்ளின், பிரெட்னிசலோன், வலிப்புக்கு பினோபார்பிட்டோன், பூனையின் ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின். மருத்துவர் பொதுப்பெயரில் எழுதித் தந்தால், மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் தமிழகம் முழுக்கத் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பார்க்கலாம். மாதக்கணக்கில் மருந்து தின்னும் நாய்க்கு இது பெரிய மிச்சம். அளவு மட்டும் மருத்துவர் சொன்னதாக இருக்க வேண்டும். வீட்டு அலமாரி வைத்தியத்தில்தான் சாவு இருக்கிறது. நமக்குப் போடும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்றே ஒன்று போதும், ஒரு பூனையைக் கொல்ல. அதைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. இபுபுரூபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இனிப்புக்குச் சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லாத சிரப் நாய்க்கு விஷம். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பத்தாயிரத்தில் முடிகிற கதைகள் எந்தக் கிளினிக்கிலும் கிடைக்கும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. நாய் வளர்ப்பில் நமக்கு முந்திய பிரிட்டனில், 1917இலேயே மரியா டிக்கின் என்ற பெண்மணி லண்டன் ஒயிட்சேப்பலில் ஒரு நிலவறையில் ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச மருத்துவமனை திறந்தார். அது வளர்ந்து பிடிஎஸ்ஏ என்ற பெரிய அறநிறுவனமானது. அங்கே செல்லப்பிராணிக் காப்பீடும் பரவலாக உண்டு. இவ்வளவு இருந்தும் 2016க்கும் 2023க்கும் இடையில் அந்நாட்டில் கால்நடை மருத்துவக் கட்டணம் 63 சதவீதம் ஏறியது என்று அரசின் போட்டிச் சந்தை ஆணையம் கணக்கிட்டது. 2013இல் பத்தில் ஒரு கிளினிக்தான் பெரிய கம்பெனிகளின் கையில். பத்தே ஆண்டில் பத்துக்கு ஆறு. 2025 அக்டோபரில் அந்த ஆணையம் முன்வைத்த தீர்வுகள் ராக்கெட் விஞ்ஞானமெல்லாம் இல்லை: கட்டணப் பட்டியலைக் காட்டு, மருந்தை வெளியேயும் வாங்கலாம் என்று சொல், பெரிய சிகிச்சைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு கொடு. நம்மூரிலும் சங்கிலிக் கிளினிக்குகள் ஷட்டரைத் தூக்க ஆரம்பித்திருக்கின்றன. இப்போதே கவனித்தால் நல்லது.

காசு போடவேண்டிய இடம்

எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. பிறந்தநாள் கேக், ஸ்வெட்டர், மாதாந்திர ஸ்பா, இறக்குமதி பிஸ்கட் எல்லாவற்றையும் வெட்டுங்கள். தடுப்பூசியை வெட்டாதீர்கள்.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம்வரை போகும் தொடர் ஊசிதான் பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் கேடயம். பலர் முதல் ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியின் வேலையைக் கெடுத்துவிடக் கூடும், அதனால்தான் தொடர் ஊசி. குட்டி விற்பவர் "ஊசி போட்டாச்சு சார்" என்பார். அட்டையில் மருந்து பாட்டிலின் ஸ்டிக்கரும் மருத்துவரின் கையெழுத்தும் இல்லையென்றால் போடவில்லை என்றே கொள்ளுங்கள். பார்வோ வந்த வீட்டு மண்ணிலும் தரையிலும் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பினாயிலை நம்ப முடியாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாத வயதில், பிறகு வருஷா வருஷம். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்திலும், ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்திலும் அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச ஊசி முகாம்கள் நடப்பது வழக்கம்.

அடுத்தது உண்ணி. நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பழுப்பு நாய் உண்ணி வருஷம் முழுக்கக் கொண்டாட்டமாக இருக்கும். அது நாயின் மேல் இருப்பதைவிடச் சுவர் இடுக்கிலும் கதவு நிலையிலும்தான் அதிகம். ரத்தம் குடித்து வீங்கிய ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. விலை உயர்ந்த மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு நாய்க்கூண்டின் இடுக்கை விட்டுவிட்டால் காசு வீண். விரிசலைச் சிமென்ட் வைத்து அடைப்பது ஒரு தடவைச் செலவு.

பெண் நாய்க்குக் கருத்தடை. கருப்பைக்குள் சீழ் கோக்கும் பயோமெட்ரா என்ற நோய், சூடு வந்து போய் ஒன்றிரண்டு மாதத்தில் திடீரென்று வரும். ஸ்வீடனில் நாய்களுக்குக் கருத்தடை செய்யும் வழக்கம் அன்று குறைவு. காப்பீட்டுப் பதிவுகளை வைத்து அங்கே பார்த்ததில், பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெண் நாய்க்கு அது வந்திருந்தது. வந்தபின் செய்யும் அவசர ஆபரேஷனும் அதே கருப்பையைத்தான் எடுக்கிறது. செலவு பல மடங்கு, உயிர் ஆபத்து வேறு. 1959இல் தொடங்கிய கிண்டி புளூ கிராஸ் 1964 முதலே நாய்களுக்குக் கருத்தடை செய்துவருகிறது. தனியார் கிளினிக்கில் கேட்ட தொகையைக் கண்டு மலைத்தவர்கள் இது மாதிரி விலங்கு நல அமைப்புகளில் ஒருமுறை விசாரிக்கலாம்.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும். ஆண் பூனை திரும்பத் திரும்ப மண் தட்டில் போய் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுகூட வரவில்லை என்றால் அது மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் தேடாதீர்கள். சிறுநீர் அடைப்பு. ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். சாயங்காலம் போனால் ஒரு பில், மறுநாள் போனால் மூன்று பங்கு. உலர் தீனி மட்டுமே தின்று தண்ணீர் குடிக்காத பூனைக்கு இது வர வாய்ப்பு அதிகம். மத்தி மீனை வேகவைத்த தண்ணீரை உப்புப் போடாமல் தீனியில் ஊற்றினால் ருசிக்கும் ஆச்சு, தண்ணீரும் உள்ளே போச்சு.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி: கோழி ஈரல், கழுத்துக்கறி, சோறு, கொஞ்சம் காய் என்று வீட்டிலேயே சமைத்து நாயை நன்றாக வளர்க்க முடியும், மருத்துவரிடம் கேட்டுக் கால்சியம் சேர்த்துக்கொண்டால். வெங்காயமும் திராட்சையும் கூடாது. வெறும் தயிர்சோறு நாய்க்குக் காணாது. பூனைக்கு அது பட்டினி.

இன்ஷூரன்ஸ்? பொதுத்துறையிலும் தனியாரிலும் பாலிசிகள் இருக்கின்றன. வயது வரம்பு, காத்திருப்புக் காலம், ஏற்கெனவே இருந்த நோய்க்கு விலக்கு, தடுப்பூசி போடாமல் வந்த நோய்க்கு விலக்கு என்று நிபந்தனைகள் நீளம். இளம் நாய், நல்ல பாலிசி என்றால் பெரிய ஆபரேஷனுக்கு உதவும். பத்து வயது நாய்க்கு இப்போது தேடுவது வீண் வேலை. அதற்கு மாதம் ஐந்நூறு ரூபாய் தனியாகத் தபால் நிலையத்தில் போட்டுவருவது மேல்.

விட்டுவிட்டுப் போகிறவர்கள்

முடியாமல் போகும் கட்டம் ஒன்று உண்டு. அதைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நேர்மையில்லை.

2022இல் இலங்கையில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது மனித மருந்துக்கே டாலர் இல்லை. நாய்க்கான ஊசியும் தீனியும் கடைகளில் அருகிப்போயின. மூன்று வேளைச் சாப்பாட்டை இரண்டாக்கிய வீடுகள் தங்கள் பங்கிலிருந்துதான் நாய்க்கும் வைத்தன. நம்மூரில் அப்படியொரு சரிவு வந்துவிடவில்லை. ஆனால் ராத்திரியில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து வேறு ஏரியாவில் இறக்கிவிடப்படும் வயதான லாப்ரடார்களும், தோல் நோய் பிடித்த ஹஸ்கிகளும், காப்பகத்து கேட்டில் கட்டிவிட்டுப் போகப்பட்ட பக்குகளும் எந்த விலங்கு நல ஊழியருக்கும் பழக்கமான காட்சி. வாங்கும்போது முப்பதாயிரம் கொடுத்த நாயும் அதில் இருக்கும். வாங்கும் விலை ஒரு நாள் செலவு. பன்னிரண்டு வருஷச் செலவை யாரும் அன்றைக்குக் கணக்குப் போடவில்லை.

கைவிடுவது குற்றம். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆவது பிரிவில் அதைச் சொல்கிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. பல பத்தாண்டுகளாக அந்தத் தொகை மாறவில்லை. உரிமம் எடுக்காதவருக்கு ஐயாயிரம், நாயையே தெருவில் விட்டவருக்கு ஐம்பது.

ஆனாலும் விட்டுவிட்டுப் போகிற எல்லோரையும் கல்நெஞ்சர்கள் என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை. சிலர் பொறுப்பற்றவர்கள்தான். சிலர் பில்லைப் பார்த்துத் தோற்றவர்கள். தெருவில் விட்டால் யாராவது நல்லவர் எடுத்துக்கொள்வார் என்று தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொண்டவர்கள். வீட்டுநாய்க்குத் தெரு தெரியாது. சில நாளில் வண்டியில் அடிபடும், அல்லது அந்தத் தெருவின் நாய்களே கடித்துவிடும். குணமாக்க முடியாத நோய், தாங்க முடியாத வலி என்றால் மருத்துவரிடம் 'ஊசி போட்டுத் தூங்க வைப்பது' பற்றி வாய்விட்டுக் கேட்பது பாவமில்லை. நோய் குணமாகக்கூடியது, பணம்தான் இல்லை என்றால், ஊசிக்கு முன்னால் கேட்கவேண்டியவை இன்னும் இருக்கின்றன: வேப்பேரிக்குச் சீட்டு எழுதித் தருவீர்களா, தவணையில் கட்டலாமா, வலி இல்லாமல் மட்டும் வைத்துக்கொள்ள எவ்வளவு ஆகும், எடுத்து வளர்க்க யாராவது இருக்கிறார்களா? நேரடியாகக் கேட்டவர்களுக்கு மருத்துவர்கள் கட்டணத்தைத் தள்ளியதையும், மீந்த மருந்தைச் சும்மா கொடுத்ததையும் நாய் வளர்க்கும் வட்டத்தில் பலர் சொல்லக் கேட்கலாம்.

ஒவ்வொரு வளர்ப்பு நாயின் தோலுக்கடியிலும் சிப் வைத்து எண்ணத் தொடங்கிவிட்ட மாநகராட்சிக்கு, எந்த மண்டலத்தில் எத்தனை நாய் என்று இனி தெரியும். அந்தக் கணக்கை வைத்து மண்டலத்துக்கு ஒரு மாலை நேர மருத்துவமனை திறந்தால், கூலி வேலை முடித்து வருகிறவர் சம்பளத்தை இழக்காமல் நாயைக் காட்டிவிட்டுப் போவார். அதற்கு நிதி ஒதுக்க வேண்டும், மருத்துவரை நியமிக்க வேண்டும், காலம் பிடிக்கும். தனியார் கிளினிக்குகள் நாளைக் காலையே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: பார்க்கும் கட்டணம் இவ்வளவு, ரத்தப் பரிசோதனை இவ்வளவு, கருத்தடை இவ்வளவு, ஒரு நாள் டிரிப் இவ்வளவு என்று வாசலில் எழுதி ஒட்டலாம். சலூனில் ஒட்டியிருக்கிறார்கள், ஓட்டலில் ஒட்டியிருக்கிறார்கள்.